கைகால் திடமாக இருக்கும்போதே: ஓய்வுக்குப் பிந்தைய பயணங்களை வரிசைப்படுத்துவது எப்படி?

பணி ஓய்வு பெறும் நாளில் பெரும்பாலான வீடுகளில் போக வேண்டிய ஊர்களின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே மனத்தில் இருக்கும். காசி, பத்ரிநாத், துவாரகை, முக்திநாத், யாழ்ப்பாணம், அங்கோர் வாட் என்று, பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் எனத் தள்ளிவைத்த ஊர்கள் அவை. பட்டியல் போடுவதில் யாரும் தவறுவதில்லை, வரிசைப்படுத்துவதில்தான் தவறுகிறார்கள். பக்கத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோம், மலைப் பயணத்தைப் பிறகு நிதானமாக வைத்துக்கொள்வோம் என்று எண்ணி, படியும் ஏற்றமும் குளிரும் நிறைந்த ஊர்களை எழுபது வயதை நோக்கித் தள்ளிவிடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். கடினமானது முதலில், எளிதானதும் நெடுநாள் தங்கத் தக்கதும் கடைசியில்.

இந்தக் கவலை புதிதன்று. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் வதரியை, அதாவது இன்றைய பத்ரிநாத்தை, பாடிய பதிகம் முதுமையின் தளர்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. முற்ற மூத்து, கோலே துணையாக, முன்னடியை நோக்கி வளைந்து, மெல்ல நடந்து, நடுநடுவே உட்கார்ந்து இளைத்துப்போகும் காலம் வருவதற்கு முன்னமே வதரியை வணங்குவோம் என்பதே அதன் முதற்பாட்டு. சாலையும் பேருந்தும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அந்த அறிவுரை, ஹெலிகாப்டர் பறக்கும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒவ்வோர் ஊருக்கும் எதிரே மூன்று குறிப்புகள்

ஒரு தாளில் ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, எத்தனை படி அல்லது எத்தனை கிலோமீட்டர் கட்டாயம் நடக்க வேண்டும் என்பது. தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிக வேதனை தரும் என்பதால், ஏறிவிட முடியுமா என்று மட்டும் பார்க்காமல் இறங்கிவர முடியுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இரவு தங்கும் இடத்தின் உயரம். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் மலைநோய் வரலாம். தினமும் நடைப்பயிற்சி செய்பவர் என்பதற்காக அது விலகிப் போகாது. மூன்றாவது, இரண்டு தங்குமிடங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும் என்பது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை எடுப்பவர்களும், புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களும் மலைச்சாலையில் பேருந்தை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அதனால் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. இப்படிப்பட்டவர்கள் குழுப் பேருந்தைவிடச் சிறிய வாடகைக் காரில் போவதே நல்லது.

இந்த மூன்றையும் குறித்த பிறகு, வயதால் கதவு மூடும் ஊர்களைத் தனியே எடுத்து வையுங்கள். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள்தாம் விண்ணப்பிக்க முடியும். 2020இல் நின்றுபோன இந்த யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியது. அமர்நாத் யாத்திரைக்கும் மேல்வரம்பு 70தான். மருத்துவச் சான்றும் கட்டாயம். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 60 என்பதால், கயிலையைக் கனவு காண்பவருக்கு ஓய்வுக்குப் பின் இருப்பது பத்தே ஆண்டுகள். அதிலும் 5,600 மீட்டரைத் தாண்டிய டோல்மா கணவாயைக் கடந்து மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமை செய்ய வேண்டும் என்பதால், என் கணிப்பில் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் போய்விடுவதே உசிதம்.

மறுபக்கம், ஒரு காலத்தில் கைவிட்ட ஊர்கள் சில இப்போது எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டன. சோளிங்கர் யோக நரசிம்மரைக் காண 1,300க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டியிருந்தது. 2024இலிருந்து ரோப் கார் ஓடுகிறது. குஜராத்தின் கிர்னார் மலையில் அம்பாஜி கோயில் வரை 2020 அக்டோபரில் ரோப்வே வந்துவிட்டது. பேட் துவாரகைக்குப் படகில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும் என்ற நிலையை 2024இல் திறக்கப்பட்ட சுதர்சன் சேது பாலம் மாற்றியிருக்கிறது. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஓர் ஊரை அடித்துவிடாதீர்கள். விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பட்டியலை வீட்டில் ஒருவர் மட்டும் போடுவதும் கூடாது. அலுவலகத்துக்குப் போனவருக்குத்தான் ஓய்வு கிடைத்திருக்கிறது. சமையலறையைப் பார்த்துக்கொண்டவருக்கு ஓய்வு ஆணை எதுவும் வருவதில்லை. அவர் எங்கே போக விரும்புகிறார் என்பதை முதலில் கேட்டு எழுதுங்கள். அடுப்பு வைத்த விடுதி அறை எடுத்து அங்கும் அவரைச் சமைக்க வைக்கும் பயணம் அவருக்குப் பயணமே ஆகாது.

அறுபதுகளின் தொடக்கத்தில்: இமயம்

பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் ஒரே பயணத்தில் சேர்த்துச் சொல்லப்பட்டாலும் உடலுக்கு இரண்டும் வெவ்வேறு. பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல் இருந்தாலும் கோயிலுக்கு அருகே வரை வண்டி போகும். கேதார்நாத்தின் உயரம் 3,583 மீட்டர். கௌரிகுண்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதை. குதிரையும் டோலியும் கிடைக்கும். குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து ஹெலிகாப்டரும் உண்டு. அதற்கான சீட்டை ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டுமே வாங்க வேண்டும். போலித் தளங்களில் பணம் கட்டி ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஹெலிகாப்டர் முழங்காலைக் காப்பாற்றும், நுரையீரலைக் காப்பாற்றாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1,319 மீட்டர் உயரத்தில் உள்ள குப்தகாசியிலிருந்து சில நிமிடங்களில் ஈராயிரம் மீட்டருக்கும் அதிகமாக மேலே போய் இறங்கும்போது, உடலுக்குப் பழகிக்கொள்ள நேரமே இருப்பதில்லை. இறங்கியவுடன் வரிசையைப் பிடிக்க ஓடாமல், அரை மணி நேரம் உட்கார்ந்து, மெல்ல நடந்து, தரிசனம் முடிந்ததும் அன்றே கீழே வந்துவிடுவது நல்லது. தலைவலியுடன் வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். சோன்பிரயாகையிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. அது வரட்டும் என்று அறுபத்திரண்டு வயதில் காத்திருக்கத் தொடங்காதீர்கள்.

பத்ரிநாத்துக்கு ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். குழுப் பயணங்களில் இதை விடியற்காலை புறப்பட்டு ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். கால அவகாசம் உள்ளவர்கள் அதை நான்கு நாளாக்கிக்கொள்ளலாம். முதல் நாள் தேவப்பிரயாகை: பாகீரதியும் அலகநந்தாவும் இரு நிறத்தில் வந்து கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம்; கண்டமென்னும் கடிநகர் என்று பெரியாழ்வார் பாடிய திவ்யதேசமும் இதுவே. அடுத்து ருத்ரப்பிரயாகை, பிறகு 1,900 மீட்டரை ஒட்டிய ஜோஷிமட் என்று தங்கித் தங்கிப் போனால், மேலே சேரும்போது உடல் பழகியிருக்கும். பத்ரிநாத்தில் கோயிலுக்குக் கீழே உள்ள தப்த குண்டம் வெந்நீர் ஊற்று. குளிரில் அதிலேயே கிடக்கத் தோன்றும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று நிமிடங்களில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வர வேண்டும்.

கோயில்கள் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ திறந்து, தீபாவளியை ஒட்டிய வாரங்களில் சாத்தப்படும். மே, ஜூனில் கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும். 2013 ஜூன் மாதத்துப் பெருவெள்ளத்தைக் கண்ட பள்ளத்தாக்கு அது. பள்ளி விடுமுறையைப் பார்த்துப் போக வேண்டிய கட்டாயம் இப்போது உங்களுக்கு இல்லை என்பதால், செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபருக்குள் போய்வாருங்கள். உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம்; புறப்படுவதற்கு முன்பே வீட்டிலிருந்து செய்துகொள்ளலாம்.

இதே வயதில் முடிக்க வேண்டிய இன்னொன்று நேபாளத்து முக்திநாத். 3,700 மீட்டர் உயரம். ஆழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்பர். போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம், அங்கிருந்து ஜீப். பள்ளத்தாக்கில் பகலில் காற்று பலமாக வீசுவதால் விமானம் காலையில் மட்டுமே பறக்கும். வானிலையைப் பொறுத்து அதுவும் ரத்தாகும். ஆகவே திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விட்டு வையுங்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். விமானத்தில் போவதற்கு ஆதார் அட்டை மட்டும் போதாது.

அறுபதுகளின் நடுவில்: கடல் தாண்டி

கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பலர் மூன்று பகலில் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. ஏழு நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் பயன்படுத்தலாம். ஓய்வு பெற்றவருக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு கிடையாது. ஒரு நாள் காலை கோயில், மறுநாள் பக்கத்து நகரான சியெம் ரீப்பில் ஓய்வு என்று மாற்றி மாற்றிப் போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டிய அக்கோயிலில், உச்சித் தளத்துக்கு ஏறும் படிகள் மிகவும் செங்குத்தானவை; முழங்கால் ஒத்துழைக்கவில்லையென்றால் அவற்றை விட்டுவிடலாம். கீழ்த்தளத்துப் பிராகாரச் சுவர்களே நமக்குப் போதும். கிழக்குப் பக்கச் சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி: ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவே மந்தரமலையும் அதைத் தாங்கும் ஆமையும், வாசுகியின் உடலைப் பிடித்து இழுக்கும் வரிசை வரிசையான கைகள். மேற்குச் சுவரில் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் இருக்கின்றன. அம்புப்படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை வழிகாட்டி சுட்டிக்காட்டும்வரை மற்ற நாட்டார் காத்திருப்பார்கள். கதை கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். மேலே கூரை இருப்பதால் வெயிலும் படாது. மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒரு சுவருக்கு ஒரு காலைப்பொழுது என்று வைத்துக்கொள்ளலாம்.

இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நின்றுபோகும் என்பதால் தேதியை உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். மன்னாரின் திருக்கேதீச்சரம், திருகோணமலையின் திருக்கோணேச்சரம் என்று பாடல்பெற்ற தலங்கள் இரண்டும் அங்கே உண்டு. மொழிச் சிக்கல் இல்லாத வெளிநாட்டுப் பயணம் என்பதால், இதை அறுபத்தெட்டு வயதுக்குக்கூடத் தள்ளி வைக்கலாம்.

வெளிநாடு எதுவானாலும் பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஸ்டென்ட் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கைவிட்டுவிடும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத காலம் மீதமிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பணம், மருந்து, பெர்த்

ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த மாதத்தில் பெரிய பயணத்துக்குப் பணம் கட்டுவது நல்லதன்று. பயணத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதன் வட்டியில் போய்வருவது மனத்துக்கும் நிம்மதி. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் காலாண்டுக்கு ஒரு முறை வட்டி வரும். 2023 ஏப்ரலில் அறிவித்த 8.2 விழுக்காட்டுக் கணக்கில், 5 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 10,250 ரூபாய். மூன்று காலாண்டைச் சேர்த்தால் இருவருக்கு ஒரு நல்ல இரயில் பயணம் ஆகிவிடும்; முதலும் அப்படியே இருக்கும்.

இரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது: 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் அதற்கு உரியவர்கள். ஒரே சீட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். ஆறு பேருக்கு ஒன்றாகப் பதிவு செய்துவிட்டு எல்லாருக்கும் மேல் பெர்த் வந்துவிட்டதே என்று வருந்துவதைவிட, இருவர் இருவராகப் பதிவு செய்யுங்கள். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது.

மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் பத்து நாளுக்குச் சேர்த்து வாங்கி, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். இன்சுலினை விமானத்தில் சரக்காகப் போகும் பெட்டியில் போடக் கூடாது. அது உறைந்துவிட்டால் பயன்படாது. மலைப் பிரதேசத்திலும் இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தங்குமிடத்தைப் பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: லிப்ட் இருக்கிறதா, இல்லையென்றால் தரைத்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா. சத்திரங்களில் மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போய்த் திண்டாடியவர்கள் அதிகம்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். காசிக்குப் போக மிகச் சிறந்த மாதமும் அதுதான். ஜீவன் பிரமாண் செயலியில் கைபேசி முன் முகத்தைக் காட்டி எங்கிருந்தும் சான்றை அனுப்பிவிடலாம் என்பதால், இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. புறப்படும் முன் ஒரு முறை வீட்டிலேயே பிள்ளைகளின் உதவியோடு பழகிக்கொண்டால் போதும்.

கடைசியில், நிதானமாக: காசி

காசியை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே உயரம் இல்லை, நீண்ட நடையும் கட்டாயமில்லை. அந்த ஊர் கேட்பது நாள்களை மட்டுமே. வேலையில் இருந்தபோது நான்கு நாள் விடுப்பில் ஓடிப்போய் விசுவநாதரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்குக் கிடைக்காத காசி ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாள் தங்குபவர்களுக்குக் கிடைக்கிறது. எழுபத்திரண்டிலும் எழுபத்தைந்திலும் அங்கே சுகமாக இருந்து வரலாம்.

சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரசும், கன்னியாகுமரியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக 2023 டிசம்பரில் தொடங்கிய வாராந்திர காசித் தமிழ்ச் சங்கம எக்ஸ்பிரசும், இராமேசுவரத்திலிருந்து பனாரஸ் வரை வாராந்திர வண்டியும் உண்டு. சென்னையில் ஏறினாலே இரண்டு இரவு வண்டியில் கழியும். கால் வீங்குபவர்கள் மணிக்கு ஒரு முறை பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடக்க வேண்டும். அதுவும் கடினம் என்றால் வழியில் ஜபல்பூரில் இறங்கி, பேடாகாட்டின் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே நர்மதையில் படகில் போய்விட்டு, ஒரு நாள் கழித்துத் தனிச்சீட்டில் மேலே போகலாம்.

மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படித்துறைகள் மூழ்கிவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் அக்டோபர் தொடக்கத்தில் படிகளில் வண்டல் சேறு கிடக்கும், வழுக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுதும் மூடுபனியால் இரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மே மாதத்தில் 45 டிகிரி வரை வெயில். ஆகவே நவம்பர், அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி. படித்துறை முழுதும் அகல்விளக்கு எரியும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் அன்றைய நெரிசல் வயதானவர்களுக்கு ஆகாது. அந்த இரண்டு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தங்குவதற்கு நம்மவர்களுக்கு இரண்டு பகுதிகள் பழகியவை. ஒன்று, கோதௌலியா அருகே 1863இல் தோன்றிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். அங்கிருந்து தினமும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் 'சம்போ' என்ற முழக்கத்தோடு போகின்றன. தங்குபவர்களுக்கு நம்மூர்ச் சாப்பாடும் கிடைக்கும். மற்றொன்று அனுமன் காட். பாரதியார் இளமையில் தங்கியிருந்த அத்தை வீடு அங்கேதான் இருக்கிறது. வாசலில் கோலத்தையும் திண்ணைப் பேச்சில் தமிழையும் காணலாம். அங்கிருந்து சற்று வடக்கே கேதார் காட்டில், குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் நிறுவிய மடமும், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகளின் மேலே கேதாரேசுவரர் கோயிலும் உள்ளன.

எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகளை ஏறி இறங்கிப் பார்க்க நினைத்தால் இரண்டே நாளில் கால் வீங்கிவிடும். படகுதான் வழி. கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதால் ஊர் முழுவதும் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. விடியற்காலையில் படகிலிருந்து பார்க்கும்போது முதல் வெயில் ஒவ்வொரு படித்துறையாக இறங்கி வருவதைக் காணலாம். ஏறுவதற்கு அசி காட் ஏற்றது. வடகோடியில் புதிதாகக் கட்டிய நமோ காட்டில் சாய்தளம் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வசதி. கட்டணத்தைப் பேசி முடித்த பிறகே படகில் கால் வையுங்கள். குளிர் மாதங்களில் காலையில் மட்டும் தெருவில் மலையியோ விற்பார்கள்: இரவுப் பனியில் வைத்த பாலைக் கடைந்தெடுத்த மஞ்சள் நுரை, குங்குமப்பூ வாசத்தோடு, மண் குவளையில். வெயில் ஏறினால் அது அமுங்கிவிடும். ஆகவே எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும்.

விசுவநாதர் கோயிலை இன்றைய வடிவில் இந்தூர் அரசி அகல்யாபாய் 1780இல் கட்டினார். 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகத்தால் பழைய சந்து நெரிசல் பெரிதும் குறைந்திருக்கிறது. கங்கைப் பக்க வாயில் அழகு; ஆனால் ஏற்றம். முழங்காலுக்குச் சாலைப் பக்க வாயிலே உகந்தது. கைபேசியையும் பையையும் அறையிலேயே விட்டுவிட்டு, திங்கட்கிழமை தவிர்த்த ஒரு நாளில் போனால் காத்திருப்பு குறையும். பல நாள் தங்குவதால் முதல் நாளே எல்லாம் ஆக வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கு இல்லை. சாரநாத் பத்துக் கிலோமீட்டர், சமதளம். நம் நாட்டு இலச்சினையான நான்கு சிங்கங்களின் மூலச் சிற்பம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை.

இடையில் பிரயாகைக்கும் கயைக்கும் தனித்தனியே போய்வாருங்கள். மூன்றையும் மூன்று நாளில் அடக்கும் குழுப் பயணத்தில் வயதானவர்கள் பார்ப்பதைவிடத் தூங்குவதே அதிகம். பிரயாகை 120 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திரிவேணி சங்கமத்தில் வேணிதானம் என்று ஒரு சடங்கு: கணவர் மனைவியின் தலையை வாரிப் பின்னி, பூ வைத்து, பின்னல் நுனியில் சிறிது கத்தரித்துச் சங்கமத்தில் விடுவார். நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியும் மனைவியின் தலையில் சீப்பு வைத்தறியாத கணவர்கள் அங்கே மூன்று கால் பின்னலுக்குத் திணறுவதையும், மனைவி திரும்பிப் பார்க்காமலே சொல்லிக் கொடுப்பதையும் காணலாம். படகிலிருந்து நீராடும் மேடைக்குத் தாண்டும்போது சேலை தடுக்கும். படகோட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். கயையில் விஷ்ணுபாதமும் அட்சயவடமும். சிராத்தத்தில் நீண்ட நேரம் தரையில் உட்கார முடியாதவர்கள் முன்பே சொன்னால் பலகை போட்டுத் தருவார்கள். தங்குவதற்கு லிப்ட் உள்ள விடுதிகள் புத்தகயையில் எளிதாகக் கிடைக்கும், பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

முறைப்படி செய்ய விரும்புபவர்கள் இராமேசுவரத்தில் மணல் எடுத்துப் பிரயாகையில் விட்டு, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவேறும் என்பார்கள். மூடி ஈயம் வைத்த செம்புகள் படித்துறைக் கடைகளில் கிடைக்கும். விமானத்தில் வருவதானால் அதைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரமாவது ஓய்வெடுத்துவிட்டு இராமேசுவரம் போங்கள். அங்கே 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றும்போது பிராகாரத் தரை முழுதும் ஈரமாகி வழுக்கும். இரப்பர் செருப்பும் அணிய முடியாது என்பதால், சுவரோரமாக ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நடக்க வேண்டும். ஈர உடையோடு மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள். மாற்று உடையைத் தனிப் பையில் போட்டு, தீர்த்தமாடாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.